மூன்றாம் கியர் கறகறக்கிறது: ஒயில் மாற்றினால் தீருமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். 2007 ஹொண்டா சிவிக் எஸ்.ஐ., பழைய காராக வாங்கியது, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சும்மா ஓடும்போது ஒரு குறையும் இல்லை. 7000 ஆர்.பி.எம். தாண்ட இழுத்து இரண்டிலிருந்து மூன்றுக்குப் போடும்போது மட்டும் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம், கியர் தடியில் கைக்குத் தெரிகிற ஒரு நடுக்கம். ஒரு கராஜில் 75டபிள்யூ-90 றேசிங் கியர் ஒயில் விட்டால் சரியாகும் என்றார்களாம். இன்னொரு கராஜில் கியர்பொக்ஸையே மாற்றச் சொன்னார்களாம். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவரையும் கேட்காதீர்கள். முதலாமவர் சொன்ன ஒயிலை விட்டால் சத்தம் கூடத்தான் சந்தர்ப்பம் அதிகம். இரண்டாமவர் சொன்னது கடைசியில் சரியாகவும் வரலாம், ஆனால் பெட்டியைக் கழற்ற முன்னர் இரண்டு போத்தல் நல்ல ஒயிலையும் ஒரு சனிக்கிழமைக் காலையையும் செலவழித்துப் பார்க்கலாம். அதற்கு முன், காசே செலவில்லாத இரண்டு மூன்று சோதனைகளும் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மொடலில் மூன்றாம் கியர் கறகறப்பது உங்கள் கார் மட்டும் படுகிற பாடு இல்லை. 2006இல் வந்த இந்தத் தலைமுறை எஸ்.ஐ.யின் முதல் வருடக் கார்களில் மூன்றாம் கியர் அரைபடுவதும், போட்ட கியர் தானாகக் கழன்று வருவதும் ஊரறிந்த விஷயம். ஹொண்டாவே தன் விற்பனை நிலையங்களுக்கு அதுபற்றிச் சேவை அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. ஆகவே காரை உங்களுக்கு விற்றவர் கெடுத்துவிட்டார் என்று உடனே திட்ட வேண்டாம். கெடுத்தும் இருக்கலாம், அது வேறு கதை.

ஏன் வேகமாகப் போடும்போது மட்டும் சத்தம் வருகிறது? அது விளங்கினால் ஒயில் விஷயம் தானாக விளங்கும். உங்கள் கியர்பொக்ஸில் இரண்டாம் கியரின் விகிதம் 2.130, மூன்றாம் கியரின் விகிதம் 1.517. 8000 ஆர்.பி.எம்.மில் இரண்டை விட்டு மூன்றுக்குப் போனால், கார் அதே வேகத்தில் ஓட, கியர்பொக்ஸின் உள்வரும் தண்டு ஏறத்தாழ 5700க்கு இறங்க வேண்டும். அதாவது 2300 சுற்று குறைய வேண்டும். 3000இல் மாற்றினால் குறைய வேண்டியது 860 சுற்று மட்டும். இந்த வேகத்தைக் குறைப்பது எஞ்சின் இல்லை. கிளச்சை மிதித்தவுடன் எஞ்சின் பிரிந்து போய்விடும். மிச்சமாகச் சுற்றுகிற கிளச் தட்டையும் தண்டையும், அதோடு கோர்த்துச் சுற்றுகிற கியர்களையும் பிடித்து நிறுத்துவது சின்க்ரோ வளையம் என்கிற ஒரு சின்ன வளையம்.

அந்த வளையத்தை ஒருக்கா கையில் வைத்துப் பார்த்திருந்தால் மறக்க மாட்டீர்கள். வளையல் அளவில் இருக்கும், பெரும்பாலும் பித்தளை நிறம். உள்பக்கம் கூம்பு மாதிரிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் நகத்தால் வருடினால் மெல்லிய புரிகள் தட்டுப்படும், ஆணிப்புரி மாதிரி. கியரின் பக்கத்தில் இருக்கிற உருக்குக் கூம்பில் இந்த வளையம் போய் அழுத்தி உரசும். உரசலில் இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை வளையத்தின் வெளிப்பற்கள் குறுக்கே நின்று, தடியால் நாம் தள்ளுகிற ஸ்லீவ் என்ற பல் வைத்த பூட்டு வளையத்தை உள்ளே விடாது. வேகம் ஒன்றானதும் வளையம் ஒரு மயிரிழை திரும்பி வழிவிடும், ஸ்லீவ் வழுக்கிப் போய்க் கியரின் பூட்டுப் பற்களில் விழும். கைக்கு அது ஒரு மெல்லிய ‘டொக்’. வளையம் பிடிக்காமல் வழுக்கினால், அல்லது பிடிக்க நேரம் கிடைக்க முன்னர் நீங்கள் தடியைக் குத்தித் தள்ளினால், ஸ்லீவின் பல் சுற்றிக்கொண்டிருக்கிற பூட்டுப் பல்லில் போய் அடிபடும். நீங்கள் கேட்கிற ‘கிர்ர்ர்’ அந்த அடிதான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பற்களின் கூர் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குகிறது.

இனி ஒயில். அந்தப் புரிகள் எதற்கு? ஒயிலை வழித்தெறிவதற்கு. மழையில் நனைந்த சைக்கிளில் பிறேக் பிடித்திருப்பீர்கள். கட்டை முதல் இரண்டு சுற்றுக்கு வழுக்கும், றிம்மில் இருக்கிற தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். சின்க்ரோவும் அப்படித்தான். ஒயில் தடிப்பாக இருந்தால் வழிக்க நேரம் எடுக்கும். ஒயிலில் வழுக்குகிற சேர்மானம் கூட இருந்தால், வழித்த பிறகும் மிஞ்சுகிற படலம் வழுக்கிக்கொண்டே இருக்கும். கியர் பற்களுக்கு நல்ல வழுக்கல் வேண்டும், சின்க்ரோவுக்கு நல்ல உரசல் வேண்டும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே ஒயிலில் குளித்துக்கொண்டிருக்கின்றன. மனுவல் கியர் ஒயில் செய்கிறவனின் தலையிடி முழுக்க இதுதான்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ‘75டபிள்யூ-90 றேசிங்’ போத்தலைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் பெரும்பாலும் ஜி.எல்-5 என்று இருக்கும். ஜி.எல்-4, ஜி.எல்-5 என்பவை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த தரங்கள். ஐந்து நாலைவிடப் பெரியது, ஆகவே நல்லது என்று கனபேர் நினைக்கிறார்கள். அது படிக்கட்டு இல்லை, வேலைப் பிரிவு. ஜி.எல்-5 பின் அச்சில் இருக்கிற ஹைபொயிட் கியர்களுக்காக வந்தது. அங்கே பல்லோடு பல் பயங்கர அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு உருளும், அதைத் தாங்கக் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்து ஜி.எல்-4ஐப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். அந்த மருந்து சின்க்ரோ கூம்பையும் வழுக்கப் பண்ணும். சில ஜி.எல்-5 ஒயில்களில் இருக்கிற கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். உங்கள் சிவிக்கில் எஞ்சின் குறுக்காக இருக்கிறது, கடைசிக் கியரும் சாதாரணச் சாய்பல் கியர்தான். ஹைபொயிட் என்பதே அந்தப் பெட்டிக்குள் கிடையாது. இல்லாத நோய்க்கு ஏன் மருந்து?

ஆனால் இதை வைத்துக்கொண்டு சுபாரு வைத்திருக்கிற நண்பனிடம் போய் ‘ஜி.எல்-5 விடாதே’ என்று சண்டை பிடிக்க வேண்டாம். சுபாருவில் எஞ்சின் நெடுக்காக இருக்கிறது, முன் டிஃபரென்ஷியலின் ஹைபொயிட் கியரும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலைப் பகிர்கின்றன. அதனால்தான் அந்தக் கம்பனி ஜி.எல்-5 கேட்கிறது. அந்தக் கார்க்காரர்கள் இரண்டு மூன்று ஒயிலைக் கலந்து கொக்டெயில் பண்ணிக்கொண்டு திரிவதும் இந்த இழுபறியால்தான். அவரவர் காரின் கையேடு எதைக் கேட்கிறதோ அதுதான் தொடக்கம்.

‘றேசிங்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. உண்மையான பந்தயக் கார்கள் பலவற்றில் சின்க்ரோவே கிடையாது, பெரிய பற்கள் நேராக மோதிப் பூட்டுகிற டொக் பொக்ஸ் இருக்கும். அதற்கு எவ்வளவு வழுக்குகிற ஒயிலும் பொருந்தும். அந்த ஒயிலின் புகழை நம்பி வீட்டுக் காரில் விட்டால் வேலை செய்யாது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செய்து கெடுத்துத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன்னர் ஒரு நண்பரின் ட்ரக்கின் பின் அச்சுக்கு வாங்கிய ஒயிலில் இரண்டு லீட்டர் மிஞ்சியது. நல்ல விலை கொடுத்த ஒயில், வீணாக்க மனமில்லை, என் காரின் கியர்பொக்ஸில் விட்டேன். முதல் நாள் பெட்டியின் இரைச்சல் குறைந்தது, எனக்குச் சரியான பெருமை. இரண்டு கிழமையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கறகறக்கத் தொடங்கியது. ஜனவரியில் விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்தால் தடி சீமெந்துக்குள் நட்ட மாதிரி நிற்கும். வடித்துவிட்டுச் சரியான ஒயில் விட்டேன், நூறு கிலோமீட்டர் ஓடி அதையும் வடித்து மறுபடி விட்டேன். பெரும்பாலும் சரியாகிவிட்டது. மிச்சம் பிடித்த காசைவிட இரண்டு மடங்கு ஒயிலுக்குப் போயிற்று.

சரி, எதை விடுவது? மனுவல் கியர்பொக்ஸுக்கென்று ஹொண்டா விற்கிற சொந்த எம்.ரி.எஃப். ஒயில் மெல்லியது. எவ்வளவு மெல்லியது என்றால், அது கிடைக்காத இடத்தில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எஞ்சின் ஒயில் விடலாம் என்று ஹொண்டாவின் கையேடுகளே சொல்லின. எஞ்சின் ஒயிலில் தேவையான சேர்மானம் இல்லை, தொடர்ந்து ஓடினால் கியர் இறுகும் என்றும் கூடவே எழுதியிருந்தார்கள். கியர் ஒயிலின் எண்ணும் எஞ்சின் ஒயிலின் எண்ணும் வேறு வேறு அளவுகோல், 75 என்றதும் பாணி மாதிரித் தடிப்பு என்று பயப்பட வேண்டாம். ஆனால் 90 என்பது தடிப்புத்தான். 100 பாகை சூட்டில் 30ஆம் எண் எஞ்சின் ஒயிலின் தடிப்பு, அதை அளக்கிற சென்ரிஸ்ரோக் கணக்கில், 9.3 முதல் 12.5 வரை இருக்கும், 90ஆம் எண் கியர் ஒயில் 13.5க்குக் குறையவே கூடாது. ரொறன்ரோக் குளிரில் அந்த வித்தியாசம் பல மடங்காகக் கைக்குத் தெரியும்.

உங்கள் நிலைமையில் நான் இரண்டு வழிதான் பார்ப்பேன். ஒன்று, ஹொண்டாவின் ஒயிலையே புதிதாக விடுவது. பழைய ஒயில் எப்போது விட்டது, என்ன ஒயில் என்று தெரியாத காரில் இதுவே பெரிய மாற்றத்தைத் தரலாம். இரண்டாவது, ஜெனரல் மோட்டர்ஸ் விற்கிற ‘சின்க்ரோமெஷ் ஃப்ரிக்‌ஷன் மொடிஃபைட்’ ஒயில். ஹொண்டாக்காரர்கள் மூன்றாம் கியர்த் தொல்லைக்கு இதைத்தான் வருடக்கணக்காக விடுகிறார்கள், என் கையால் விட்ட கார்களிலும் கறகறப்புக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஹொண்டாப் பெட்டிக்குள் அந்தக் கம்பனி ஒயிலா என்று முகம் சுளிக்காதீர்கள். 1928இல் கடிலாக் காரில் சின்க்ரோமெஷ்ஷை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான். ரெட் லைன் எம்.ரி.எல்., அம்சொயில் சின்க்ரோமெஷ் என்பவையும் நல்ல ஒயில்கள். எதை விட்டாலும் ஒரே ஒயிலை விடுங்கள், கலக்க வேண்டாம். பிறகு எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஆனால் போத்தலைத் திறக்க முன்னர் கிளச்சைப் பாருங்கள். கிளச் முழுதாக விடாவிட்டால் எஞ்சின் தண்டைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும், எந்தச் சின்க்ரோவாலும் அதை நிறுத்த முடியாது. கார் சமதரையில், எஞ்சின் சும்மா ஓட, கிளச்சை அடிவரை மிதித்து ஐந்தாறு செக்கன் பொறுத்து ரிவேர்ஸ் போடுங்கள். அங்கேயும் கறகறத்தால் பிழை பெரும்பாலும் கிளச்சில். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிறுத்தியிருக்கையில் வெண்ணெயாகப் போய், எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினாலும் அதே சந்தேகம்தான். கிளச் பெடலுக்கு மேலே, சிலிண்டர் சுவரோடு சேருகிற இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பிறேக் ஒயில்தான் கிளச்சுக்கும். கறுத்துப்போயிருந்தால் அதையும் மாற்றிக் காற்றெடுங்கள். கியர்பொக்ஸ் போய்விட்டது என்று வந்து, கிளச்சில் காற்றெடுத்ததோடு திரும்பிப் போன கார்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு.

எஸ்.ஐ.யில் கியர் தடியிலிருந்து பெட்டிக்குப் போவது கேபிள். எஞ்சின் மவுண்ட் றபர் வெடித்திருந்தால், முழு இழுவையில் எஞ்சின் சாய்ந்து கேபிளையும் இழுக்கும், ஸ்லீவ் முழுதாகப் போய்ச் சேராது. போனட்டைத் திறந்துவிட்டு, ஒருவர் கிளச்சை மெல்ல விட மற்றவர் பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கலாம். காருக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

கேள்வியின் கடைசி வரியில் லைட் ஃப்ளைவீல் போட்டால் சின்க்ரோவுக்குச் சுமை குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குறையாது. ஃப்ளைவீல் எஞ்சினோடு ஒட்டியது, கிளச்சை மிதித்தவுடன் அது மறுபக்கம் போய்விடும். சின்க்ரோ சுமப்பது கிளச் தட்டின் எடையைத்தான். ஆகவே கவனிக்க வேண்டியது அந்தத் தட்டு. கூடிய குதிரைவலுவுக்கு என்று போடுகிற சில பெரிய கிளச் தட்டுகள் எடை கூடியவை, அவை போட்ட பிறகு மூன்றாம் கியர் கறகறக்கத் தொடங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் காரில் முன்பிருந்தவர் என்ன கிளச் போட்டார் என்று விசாரித்தீர்களா?

ஒயில் மாற்றும்போது முதலில் மேலே நிரப்புகிற பிளக்கைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகுதான் கீழே வடிக்கிற பிளக். மேலே இறுகிப்போய்க் கழலாவிட்டால், கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு வெறும் பெட்டியோடு வீட்டு முற்றத்தில் நிற்க நேரும். மேல் பிளக்குக்கு 17 மில்லிமீட்டர் சாவி, கீழ் பிளக்கில் இருக்கிற சதுரக் குழிக்கு முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது எட்டில் மூன்று அங்குல ரச்செட்டின் தலையே நேராகப் போய் உட்காரும். கார் கொஞ்சம் ஓடிச் சூடாக இருக்கையில் வடித்தால் நன்றாக வடியும். இரண்டு பிளக்குக்கும் புது வொஷர் போடுங்கள். கீழே 39 நியூட்டன் மீட்டர், மேலே 44 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், அலுமினியப் பெட்டியில் பலத்தைக் காட்ட வேண்டாம். கார் சமமாக நிற்க, மேல் துளையால் ஒயில் மெல்லிதாக வழியத் தொடங்கும்போது அளவு சரி. ஒன்றரை லீட்டர் அளவில் பிடிக்கும்.

வடித்த ஒயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். அதுதான் பெட்டியைத் திறக்காமலே உள்ளே பார்க்கக் கிடைக்கிற ஒரே ஜன்னல். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி மெல்லிய தூள் இருந்தால் பயமில்லை, அது வழமையான தேய்மானம். ஊசி மாதிரித் துண்டுகளோ பல்லின் முனையோ இருந்தால் கதை முடிந்தது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதை ஒயிலில்தான் தேட வேண்டும். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சரித்துப் பாருங்கள். தங்கப்பொடி தூவிய மாதிரி மினுங்கினால் வளையம் தேய்கிறது. இலேசான மினுக்கம் பழைய பெட்டியில் இருக்கும். கோயில் சந்தனத்தில் குங்குமம் கலந்த மாதிரித் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

புது ஒயிலோடு ஒரு 500 கிலோமீட்டர் ஓடுங்கள். முதல் சில நாள் 6000க்கு மேல் மாற்ற வேண்டாம். மாற்றும்போது உரலில் உலக்கை போடுகிற மாதிரித் தடியைக் குத்தாதீர்கள். இரண்டிலிருந்து எடுத்து, நடுவில் ஒரு கணம் விட்டு, மூன்றை நோக்கி அழுத்துங்கள். அந்த ஒரு கணத்தில் சின்க்ரோவுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. மாற்றுகிற நேரத்தைப் பாதியாக்கினால் வளையத்துக்கு இரண்டு மடங்கு அழுத்தம் வேண்டும், அதைத் தருவது உங்கள் கைதான். சிக்னலில் நிற்கும்போது தடியின் மேல் கையைப் போட்டுக்கொண்டு இருக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். உள்ளே ஸ்லீவைத் தள்ளுகிற கவையை அது சும்மா உரசவைக்கும்.

பிறகு ஒரு சோதனை. நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது சும்மா இறக்கிப் பாருங்கள். அடுத்த தடவை நியூட்ரலில் கிளச்சை விட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி கிளச் மிதித்து இறக்குங்கள். முதல் முறையில் கறகறத்து இரண்டாம் முறையில் சத்தமே இல்லாமல் விழுந்தால், கிளச்சில் பிழை இல்லை, பற்களும் இன்னும் பூட்டுகின்றன, வளையம்தான் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் நல்ல ஒயில் சில காலம் இழுக்கும், வளையத்தை மறுபடி புதிதாக்காது. போட்ட மூன்றாம் கியர் இழுவையில் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிழுந்தால் பூட்டுப் பற்கள் மழுங்கிவிட்டன. அதற்கு எந்த ஒயிலும் இல்லை. பெட்டியைத் திறக்க வேண்டும், வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு மூடுகிறேன் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். ஸ்லீவ், அது ஏறி நகர்கிற நடுத்துண்டான ஹப், மூன்றாம் கியர் எல்லாவற்றின் பற்களையும் பார்த்து, மழுங்கியதைச் சேர்த்தே மாற்ற வேண்டும். மூன்றும் நாலும் ஒரே ஹப்பில் இருப்பதால் நாலாம் கியர் வளையத்தையும் அதோடு மாற்றிவிடுவது புத்தி. கூலி எப்படியும் ஒன்றுதான்.

சனிக்கிழமை வடித்தால் அந்த வெள்ளைத் தட்டை வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், காந்தத்தையும் கிட்ட வைத்து எடுங்கள். ரிவேர்ஸ் சோதனையில் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மிச்சம் சொல்கிறேன்.